கண்ணாடிக்குள்ள கடல்: இந்த மாசம் பூராவும் ஆந்தியாஸ் சண்டை

போன இதழ்ல என் டேங்க் போட்டோ ஒண்ணு வந்துச்சு இல்லையா, அதுல மேலாப்புல நீந்திட்டிருந்த ஆரஞ்சு மீனுங்களப் பார்த்துட்டு இந்த மாசம் வந்த கடிதம் முக்காவாசி அதப்பத்திதான். தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன். செங்கடல், மாலத்தீவு பக்கம் கடலுக்கடியில எடுத்த படங்கள்ல பவளப்பாறைக்கு மேல ஆரஞ்சு புகை மாதிரி ஒரு கூட்டம் மிதக்கும் பாருங்க, அதுதான் ஆந்தியாஸ், நம்ம களவா மீனுக்குத் தூரத்து சொந்தம். பார்க்க கல்யாண வீடு மாதிரி இருக்கும், வீட்டுக்குக் கொண்டு வந்தா பங்காளிச் சண்டை. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

வேளச்சேரி வாசகர்: சார், எங்கிட்ட 4 அடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கற கடல் தண்ணித் தொட்டி) இருக்கு, தண்ணி 250 லிட்டர் வரும். ரெண்டு மாசம் முன்னாடி லயர்டெயில் ஆந்தியாஸ் ஒரு ஆண், ரெண்டு பெண் வாங்கினேன். கடைல 'இது செட், அப்படியே விடுங்க'ன்னாங்க. பத்தே நாள்ல ஒரு பெண் போச்சு. இன்னொண்ணு இப்ப ஓவர்ஃப்ளோ (தண்ணி வழிஞ்சு கீழ போற பெட்டி) பக்கத்துல மூலைல ஒட்டிக்கிட்டு நிக்குது, வால் கிழிஞ்சிருக்கு, சாப்பிட வெளிய வந்தாலே ஆண் துரத்துது. தண்ணி டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்ன பண்றது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன், இதே தப்ப நானும் பண்ணிருக்கேன், இதே மூணு, இதே செட்டு, இதே வசனம். கடைசில எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு மிஞ்சி ராஜா மாதிரி சுத்திட்டிருந்துச்சு, குடிமக்கள் யாரும் இல்ல. அதனால உங்க தண்ணில தப்பு தேடாதீங்க, தப்பு கணக்குல இருக்கு.

இதுங்க கடல்ல எப்படி வாழுதுன்னு தெரிஞ்சா புரிஞ்சிடும். கூட்டத்துல கொஞ்சம் ஆண், நிறைய பெண், பெண்ணுங்களுக்குள்ளயும் பெருசுலேர்ந்து சிறுசு வரைக்கும் ஒரு வரிசை இருக்கும், மேல இருக்கறது கீழ இருக்கறத துரத்தும், அது அதுக்குக் கீழ இருக்கறத. அங்க பதினைஞ்சு இருபது இருக்கறதால அடி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரிஞ்சு போயிடும், ஓடறதுக்கு இடமும் இருக்கு. மூணே மீனுன்னா கடைசி மீன் ஒண்ணுதான் மொத்த அடியும் வாங்கணும். அது செத்ததும் அடுத்தது கடைசி ஆயிடும். உங்க வீட்டுல நடந்துட்டிருக்கறது அதுதான், ரெண்டாவது மீனோட முறை வந்திருக்கு.

இப்ப உடனே பண்ண வேண்டியது: ஓட்டை போட்ட அக்ரிலிக் டப்பா ஒண்ணு கடைல அக்ளிமேஷன் பாக்ஸ்னு விப்பாங்க, அத வாங்கி டேங்க்குள்ளயே மாட்டுங்க. எல்லாரும் அடி வாங்கின மீனப் பிடிச்சு உள்ள போடுவாங்க, நீங்க அடிக்கற மீனப் பிடிச்சுப் போடுங்க. ஒரு வாரம் அந்த ஆண் உள்ள இருக்கட்டும். அந்த ஒரு வாரம் பெண் நிம்மதியா சாப்பிட்டுத் தேறும், டேங்க்ல எந்தப் பொந்துல தூங்கலாம் எங்க ஒளியலாம்னு இடம் பிடிச்சுக்கும், ஆண வெளிய விடும்போது அதுதான் புதுசா வந்தவன் மாதிரி கொஞ்சம் அடங்கி இருக்கும். நிரந்தர மருந்து இல்ல இது, ஒரு மூச்சு வாங்கறதுக்கு.

நிரந்தரமா ரெண்டு வழிதான் எனக்குத் தெரியும். ஒண்ணு, ஆணத் திருப்பிக் குடுத்துட்டு இந்த ஒரு பெண்ண மட்டும் வெச்சுக்கறது, தனியா ஒரு ஆந்தியாஸ் நல்லாவே வாழும், கொஞ்ச நாள்ல அதுவே ஆணா மாறவும் மாறலாம், அதப்பத்தி கீழ ஒரு கடிதம் இருக்கு. ரெண்டாவது, பெரிய டேங்க் கட்டும்போது சேர்த்து வாங்கறது. லயர்டெயில் ஆண் 12, 13 சென்டிமீட்டர் தாண்டி வளரும், அதுக்கு 450 லிட்டருக்குக் கீழ குரூப் வைக்கவே வைக்காதீங்க, அங்க ஒரு ஆணுக்கு ஆறேழு பெண்ணு. அதவிட நல்லது, ஆணே வாங்காம ஒரே அளவுல சின்னச் சின்னப் பெண்ணா ஏழு வாங்கி ஒரே நாள்ல எல்லாத்தையும் விடுங்க, அதுங்களே தேர்தல் வெச்சு ஒரு ஆணத் தேர்ந்தெடுத்துக்கும். இருக்கற டேங்க்ல 'ஒண்ணு போச்சே, இன்னொண்ணு வாங்கி விடுவோம்'னு மட்டும் பண்ணாதீங்க, புதுசா வர்ற அந்த ஒண்ணு அன்னைக்கு ராத்திரியே கடைசி மீன் ஆயிடும்.

இன்னொரு விஷயம், நீங்க எத்தனை வேளை தீனி போடறீங்கன்னு எழுதவே இல்ல. அடுத்த கடிதத்துக்கான பதிலையும் சேர்த்துப் படிங்க. என் டேங்க்ல நான் கவனிச்ச வரைக்கும் காலைல தீனிக்கு முன்னாடி அரைமணி நேரம், சாயங்காலம் தீனிக்கு முன்னாடி அரைமணி நேரம், அப்பத்தான் துரத்தல் உச்சத்துல இருக்கும். வேளைய கூட்டினதும் பாதி சண்டை தானா நின்னுச்சு. நாமளும் பசியோட இருந்தா வீட்டுல யாராவது வாயத் திறந்தாலே எரிஞ்சு விழறோம்ல.

கோயம்புத்தூர் வாசகி: பார்ட்லெட்ஸ் ஆந்தியாஸ் அஞ்சு வெச்சிருக்கேன், 300 லிட்டர். காலைல ஒரு தடவ, நைட் ஒரு தடவ பெல்லட் போடறேன், நல்லா சாப்பிடுது, ஆனாலும் வயிறு ஒட்டிப்போன மாதிரியே இருக்கு, கலரும் வெளுத்துடுச்சு. நானும் அவரும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல. அதிகமா போட்டா நைட்ரேட் ஏறிடும்னு பயமா இருக்கு.

பதில்: மேடம், இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாசம் பத்திய முழுசா இதுக்கு ஒதுக்கலாம்னு தோணுச்சு. ஆந்தியாஸ் சாகறதுல பெரும்பாலானது நோயால இல்ல, பட்டினியால, அதுவும் தினமும் சாப்பிட்டுக்கிட்டே பட்டினி கிடக்கும். கடல்ல இதுங்க நீரோட்டத்தப் பார்த்து நின்னுக்கிட்டு அடிச்சிட்டு வர்ற மிதவை உயிரிய ஒவ்வொண்ணா கொத்திக்கிட்டே இருக்கும், வெளிச்சம் வந்ததுலேர்ந்து இருட்டற வரைக்கும் அதே வேலை. நாள் முழுக்க நீந்தற உடம்பு, சீக்கிரம் எரிஞ்சு போயிடும். ஒரே நேரத்துல ஒரு பிடி போட்டா அந்த நேரம் வாய் நிறையும், மிச்சம் கல்லுக்கடியில போய் உங்க நைட்ரேட்டத்தான் ஏத்தும். அதனால அளவ கூட்டாதீங்க, வேளைய கூட்டுங்க. இப்ப ரெண்டு தடவ போடற அதே அளவ அஞ்சாப் பிரிச்சுப் போடுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துல காலியாகணும். ரெண்டு வாரம் பார்த்துட்டு வயிறு இன்னும் ஒட்டியே இருந்தா அப்புறம் அளவையும் கொஞ்சம் கூட்டலாம்.

வீட்டுல ஆள் இல்லாத நேரத்துக்கு ஆட்டோ ஃபீடர். ஆனா நம்ம ஊர் ஈரக்காத்துல, அதுவும் டேங்க்குக்கு நேர் மேல வெச்சீங்கன்னா, மூணே நாள்ல உள்ள இருக்கற பெல்லட் களிமண்ணாயிடும், அது சுத்தும், ஒண்ணும் விழாது, நீங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு மீன் சாப்பிட்டிருக்கும்னு நெனச்சிட்டிருப்பீங்க. அதனால தண்ணிலேர்ந்து கொஞ்சம் தள்ளி, உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ரெண்டு நாளைக்கு வேண்டியத மட்டும் நிரப்புங்க. பெல்லட் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ, மெதுவா முங்கற ரகமா இருக்கட்டும். வேவ்மேக்கர் (டேங்க்குள்ள அலை கிளப்பற பம்ப்) ஓட்டத்துக்கு எதிர்ல விழற மாதிரி வைங்க, தண்ணில அடிச்சிட்டு சுத்தற தீனியத்தான் இது தீனின்னே மதிக்கும், தரையில விழுந்தத திரும்பிக்கூடப் பார்க்காது.

நீங்க வீட்டுல இருக்கற காலை, சாயங்காலம், நைட் மூணு வேளையும் பெல்லட்டு வேண்டாம், உறைய வெச்ச மைசிஸ் (குட்டி இறால் மாதிரி ஒண்ணு), கோப்பிபாட் (அதவிடப் பொடிசான மிதவை உயிரி), மீன் முட்டை இதுல ஏதாவது மாத்தி மாத்திப் போடுங்க. ஒரு சின்ன வடிகட்டில கரைய விட்டு அந்தத் தண்ணிய சிங்க்ல ஊத்திட்டு தீனிய மட்டும் போடுங்க, டேங்க்ல பாஸ்பேட் ஏறறது கொஞ்சம் குறையும். கலர் வெளுக்கறதும் தீனி விஷயம்தான். சிவப்பு ஆரஞ்சு நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டு சத்த மீனால தானா செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலேர்ந்துதான் வரணும், அதனால அஸ்டாசாந்தின்ங்கற கரோட்டினாய்டு சேர்த்த தீனி ஒண்ணு வாங்கி வைங்க.

ஆர்ட்டீமியாவ, அதான் உப்புத் தண்ணில வளர்ற குட்டி இறால் மாதிரி உயிரிய, மறந்துடாதீங்க. இதுக்கெல்லாம் வெளிநாட்டு டப்பாவத் தேடறோம், தூத்துக்குடி உப்பளத்துல இது தானா வளருது. முட்டை வாங்கி உப்புத் தண்ணில காத்துக் குழாய் போட்டு வெச்சா நம்ம சூட்டுக்கு 24 மணி நேரத்துல பொரிஞ்சிடும், பொரிஞ்ச அன்னைக்கே போட்டுடணும், அப்பத்தான் உடம்புல மஞ்சக்கரு சத்து இருக்கும், மறுநாளைக்கு வெச்சா வெறும் தோலு. வளர்ந்த ஆர்ட்டீமியாவும் அப்படித்தான், சத்து ஏத்தாம குடுத்தா நமக்குப் பொரி சாப்பிட்ட கதை.

நைட்ரேட் பயத்துக்கு வருவோம். தீனிய நிறுத்தி தண்ணிய சுத்தமா வைக்கறது ஆந்தியாஸுக்கு சரிப்படாது, தீனியப் போட்டுட்டு வெளியேத்தற வேலைய பலப்படுத்தணும். உங்க டேங்க் அளவுக்கு ஒரு படி பெரிய ஸ்கிம்மர் (நுரை கிளப்பி அழுக்க வெளியேத்தற கருவி), சம்ப்ல, அதான் டேங்க்குக்குக் கீழ இருக்கற ஃபில்டர் தொட்டில, ஒரு மூலைல கீட்டோ பாசி போட்டு ராத்திரி லைட்டு, வாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்தறது. நைட்ரேட் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.1க்குக் கீழ இருந்தா தூங்கப் போங்க. பூஜ்யம் காட்டற டேங்க்ல பவளமே வெளுத்துப்போய் நிக்கறத நான் பார்த்திருக்கேன். கீட்டோ பாசியில இன்னொரு லாபமும் இருக்கு, அதுக்குள்ள கோப்பிபாட் குட்டி போட்டுப் பெருகி பம்ப் வழியா மேல வந்துக்கிட்டே இருக்கும், நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது அதுங்களுக்கு அதுதான் டிபன்.

வெள்ளவத்தை, கொழும்பு வாசகர்: அண்ணை வணக்கம். நான் போன வருசம் லயர்டெயில் ஆறு வாங்கினனான், எல்லாம் செம்மஞ்சள் நிறம், எல்லாம் பெண் எண்டு சொல்லித்தான் தந்தவை. இப்ப அதில பெரிசு ஒண்டு ஊதா நிறமா மாறி முதுகில நீளமா ஒரு முள்ளும் வந்திட்டுது. கடைக்காரர் என்னை ஏமாத்திப் போட்டாரோ? இல்லாட்டி ஏதும் வருத்தமோ?

பதில்: ஏமாத்தவும் இல்ல, வருத்தமும் (நோயும்) இல்ல, உங்களுக்கு வாழ்த்து சொல்லணும். ஆந்தியாஸ் பிறக்கும்போது எல்லாமே பெண்ணு. கூட்டத்துல ஆண் இல்லாமப் போனா மேல இருக்கற பெண் ஆணா மாறிடும், நிறம் மாறும், முதுகுத் துடுப்புல மூணாவது முள் நீளும், பக்கத் துடுப்புல ஒரு சிவப்புப் புள்ளி வரும், உள்ளயும் சினைப்பை விந்துப்பையா மாறிடும், எல்லாம் சில வாரத்துல. இஸ்ரேல் விலங்கியலாளர் லெவ் ஃபிஷெல்சன் 1970லயே இந்த மீன வெச்சு இத எழுதிட்டார், ஆண் இருக்கா இல்லையாங்கறதுதான் விசைன்னு. அதுக்கப்புறம் டக்ளஸ் ஷாபிரோன்னு ஒருத்தர் 1980ல இன்னும் ஒரு படி மேல போய் கூட்டத்துலேர்ந்து ஒரே நேரத்துல பல ஆணுங்கள எடுத்துட்டுப் பார்த்தார். எத்தனை ஆண் போச்சோ அத்தனை பெண் மாறுச்சு, அதுவும் எல்லாம் ஒண்ணா இல்ல, ஒண்ணு முடிஞ்சு ரெண்டு நாள் விட்டு அடுத்தது, அப்படி வரிசையா. ரேஷன் கடைல நிக்கற மாதிரி.

நீங்க பார்த்துக்க வேண்டியது, ரெண்டாவது ஒண்ணும் மாற ஆரம்பிக்குதான்னு. பெரிய டேங்க்ல சில சமயம் அப்படி ஆகும், அப்ப ரெண்டு ஆணும் முட்டிக்கும், ஒண்ண வெளிய எடுத்துடறது நல்லது. மாத்தம் ஒரு தடவ முடிஞ்சிட்டா திரும்பப் பெண்ணாகும்னு காத்திருக்காதீங்க.

மதுரை, பிளஸ் டூ மாணவர்: அண்ணா, 60 லிட்டர் நானோ டேங்க்ல ஒரே ஒரு ஆந்தியாஸ் வைக்கலாமா? ப்ளீஸ் ஆமான்னு சொல்லுங்க.

பதில்: இல்ல தம்பி. ஒரு ஜோடி கிளவுன் மீன் வை, இல்ல ஒரு கோபியும் பிஸ்டல் இறாலும் வை, ஆந்தியாஸவிட அது பண்ற கூத்து நல்லா இருக்கும். பரீட்சை முடியட்டும்.

துபாய் வாசகர்: இங்க கடைகள்ல ஆந்தியாஸ் விதவிதமா வருது. டிஸ்பார், எவான்சி, டூக்கா, வென்ட்ராலிஸ், ஸ்கொயர்ஸ்பாட் எல்லாம் பார்த்தேன். டூக்காவோட ஊதா நிறம் மனசுல நிக்குது. எத வாங்கலாம்?

பதில்: மனசுல நிக்கறது டேங்க்லயும் நிக்கணுமே. டூக்காவும் அதோட ஜாடைல வர்ற பாஸ்காலஸும் அழகுக்கு முதல் மார்க், பிழைக்கறதுல கடைசி பெஞ்ச். தீனி எடுக்கவே மாட்டேங்கும், எடுத்தாலும் மிதக்கற பொடிசு தவிர வேற எதையும் தொடாது, ஆட்டோ ஃபீடர் பெல்லட்டெல்லாம் அதுக்குக் குப்பை மாதிரி. எவான்சி நம்ம இந்தியப் பெருங்கடல் மீன், மஞ்சள் முதுகு ஊதா வயிறு, அதுவும் அதே கட்சிதான், ஆனா நாள் பூரா தீனி சொட்டற ஏற்பாடு பண்ணினவங்க கிட்ட நல்லா இருக்கறதப் பார்த்திருக்கேன். வென்ட்ராலிஸ் ஆழத்து மீன், குளிர்ந்த தண்ணியும் மங்கல் வெளிச்சமும் வேணும், உங்க பவளத்துக்குப் போட்டிருக்கற லைட்ட பார்த்தாலே குகைக்குள்ள போயிடும்.

ஸ்கொயர்ஸ்பாட் ஆணுக்கு உடம்புல சதுரமா ஒரு ஊதா முத்திரை குத்தின மாதிரி இருக்கும், திடமான மீன்தான், ஆனா பெருசு, முரடு, ஆழத்துலேர்ந்து வேகமா மேல இழுத்திருந்தாங்கன்னா காத்துப்பை கெட்டுப்போயிருக்கும். கடைல தலைகீழா சாஞ்சு நீந்தறதோ, நின்ன இடத்துல நிக்க துடுப்ப படபடன்னு அடிச்சுட்டே இருக்கறதோ பார்த்தீங்கன்னா விலை பாதின்னாலும் வேண்டாம்.

முதல் தடவைன்னா என் ஓட்டு பார்ட்லெட்ஸுக்குத்தான். மார்ஷல் தீவு பக்கத்து மீன், சின்ன உடம்பு, பெல்லட்டையும் சாப்பிடும், சண்டை இருக்கும் ஆனா தாங்கற அளவு. அடுத்து லயர்டெயில், இடம் இருந்தா. டிஸ்பார் ரெண்டுக்கும் நடுவுல, குரூப்பா வைங்க, மூடி கண்டிப்பா போடுங்க, வேகமா குதிக்கும். சண்டையே வேண்டாம்னா சன்பர்ஸ்ட்னு ஒண்ணு விப்பாங்க, கூட்டம் வேண்டாம், குகை இருந்தா போதும், தலைகீழா கூரையப் பார்த்து நீந்தும், சாது. எத வாங்கினாலும் கடைக்காரர் கிட்ட என் முன்னாடி தீனி போடுங்கன்னு கேளுங்க. தீனி போட மாட்டேன்னு சொல்ற கடைல காசு போடாதீங்க.

அடையாறு வாசகி: போன மே மாசம் ரெண்டு மணி நேரம் கரண்ட் போச்சு, தண்ணி 31 டிகிரி தாண்டிடுச்சு, கரண்ட் வந்தப்ப நாலு ஆந்தியாஸ்ல ரெண்டு செத்திருந்துச்சு, கிளவுன் எதுக்கும் ஒண்ணும் ஆகல. ஏன் இதுக்கு மட்டும்? அப்புறம் பெசன்ட் நகர் கடல் தண்ணி எடுத்து தண்ணி மாத்தலாமா?

பதில்: சூடு ஏற ஏற தண்ணில கரையற ஆக்சிஜன் குறையும், அதே சூட்டுல மீனோட உடம்பு வேகமா எரியும், அதிகமா மூச்சு வாங்கும். கிளவுன் ஒரே இடத்துல ஆடிட்டு நிக்கற மீன், சமாளிச்சுடும். ஓய்வே இல்லாம நீந்தற ஆந்தியாஸுக்குத்தான் முதல்ல மூச்சு முட்டும். அதனால கரண்ட் போனா முதல்ல பேட்டரி ஏர் பம்ப், ரெண்டு வாங்கி வைங்க, விலை ஒரு மீன்விட கம்மிதான். ரிட்டர்ன் பம்ப்போ ஒரு வேவ்மேக்கரோ வீட்டு இன்வெர்ட்டர்ல போட்டுடுங்க, ஹீட்டர், சில்லர், லைட் அதுல வேண்டாம், தாங்காது. 25, 26 டிகிரில வைக்கணும்னா சென்னைல சில்லர் இல்லாம முடியாது. ஃபேன் வெச்சு ஓட்டறவங்க இருக்காங்க, தண்ணி ஆவியாகித்தான் அது குளிர வைக்கும், நம்ம கடலோர ஈரத்துல ஆவியாகறதே பாதிதான், அதுக்கும் தினமும் ஆர்ஓ டிஐ தண்ணி (உப்பெல்லாம் வடிகட்டின சுத்தத் தண்ணி) ஊத்திட்டே இருக்கணும், இல்லன்னா உப்பு ஏறிடும். உப்பு அளவு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025லயே நிக்கட்டும்.

பெசன்ட் நகர் தண்ணி? பக்கத்துலயே அடையாறு ஆறு கடல்ல கலக்குது மேடம், அதுல என்னென்ன வருதுன்னு பாலத்து மேல நின்னு மூக்க வெச்சே சொல்லலாம். உப்பு வாங்கிக் கலக்கிக்கோங்க.

நாகர்கோவில் வாசகர்: புதுசா வாங்கின லயர்டெயில் விலாவுல செவப்பா புண்ணு மாதிரி வந்து ரெண்டு நாள்ல மீனே செத்துப்போச்சு. இன்னொண்ணுக்கு உடம்புல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. டேங்க்ல காப்பர் மருந்து ஊத்தலாமா?

பதில்: பவளம் இருக்கற டேங்க்ல காப்பர் ஒரு சொட்டுகூட வேண்டாம், பவளம், இறால், நத்தை எல்லாம் காலி, கல்லு மணல்லயும் ஏறிக்கும். ரெண்டும் வேற வேற நோய். செவப்புப் புண்ணு யூரோனீமாவா இருக்க வாய்ப்பு அதிகம், குரோமிஸுக்கும் ஆந்தியாஸுக்கும் அடிக்கடி வர்றது, கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரி சதைக்குள்ளயே போயிடும், அதான் ரெண்டே நாள். புண்ணு தெரிஞ்சப்புறம் காப்பாத்தினவங்க ரொம்பக் கம்மி, அதனால வாங்கும்போதே செதில் கலைஞ்சு செவந்திருந்தா அந்தத் தொட்டில இருக்கற வேற மீனக்கூட வாங்காதீங்க. வெள்ளைப் புள்ளி கடல் இக், கிரிப்டோகேரியான்ங்கற ஒட்டுண்ணியால வர்றது. அதுக்கு மீன் எல்லாத்தையும் தனி டேங்க்குக்கு மாத்தி அங்க காப்பர் வைத்தியம், மெயின் டேங்க்ல 76 நாள் ஒரு மீனும் இல்லாம விடறதுதான் பலரும் பின்பற்றற கணக்கு. ஆந்தியாஸுக்கு காப்பர் சட்டுனு ஏத்தினா தீனிய விட்டுடும், மூணு நாலு நாள்ல படிப்படியா ஏத்தி, டெஸ்ட் கிட் வெச்சு தினமும் அளந்துட்டே போகணும்.

இதுக்கெல்லாம் பதிலா ஒரு மாசம் குவாரண்டைன். 80, 100 லிட்டர் வெறும் தொட்டி, மணல் வேண்டாம், ஒளிய நாலு பிவிசி பைப் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர். அங்க நோயப் பார்க்கறத விட முக்கியமா தீனிக்குப் பழக்குங்க. பெரிய மீன் தொல்லை இல்லாம உறைஞ்ச தீனி, அப்புறம் பெல்லட்டுன்னு கத்துக்கிட்டு கொஞ்சம் சதை போட்டுட்டு மெயின் டேங்க்குக்குப் போனா அடிக்கு அசராது. மெயின் டேங்க்ல டாம்சல், டாட்டிபேக் மாதிரி ரவுடி இருந்தா ஆந்தியாஸ மறந்துடுங்க, இல்ல ரவுடிய வித்துடுங்க. டாங்கு மீன் வாங்கற யோசனை இருந்தா ஆந்தியாஸ விட்டு செட்டில் ஆனப்புறம் கடைசியா வாங்குங்க.

தூத்துக்குடி வாசகர்: நம்ம மன்னார் வளைகுடாலயே பவளம் இருக்கே, டைவ் பண்றவங்க கிட்ட சொல்லி கல்லும் மீனும் எடுத்துக்கலாமா? வெளிநாட்டு மீனுக்கு ஏன் இவ்வளவு காசு?

பதில்: எடுத்தா ஜெயிலு. கடினப் பவளம் பூராவும் 2001லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலியும் அதே அட்டவணைதான். உங்க ஊர்லேர்ந்து பாம்பன் வரைக்கும் இருக்கற 21 தீவும் 1986லயே கடல் தேசியப் பூங்கா. செத்த பவளக்கல்லுன்னு சொல்லி விக்கறவங்க கிட்டயும் வாங்காதீங்க. டேங்க்குக்கு செராமிக் கல்லு இப்ப நல்லாவே கிடைக்குது, பொந்து நிறைய இருக்கற மாதிரி அடுக்குங்க, ஒவ்வொரு ஆந்தியாஸுக்கும் ராத்திரி தூங்க ஒரு பொந்து வேணும், பொந்து பத்தலன்னா லைட் அணையற நேரத்துல இன்னொரு சண்டை.

காசு விஷயத்துல உங்க ஆதங்கம் எனக்கும் உண்டு. விழிஞ்ஞத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க மார்சியா ஆந்தியாஸ்னு ஒரு வகைய தொட்டிலயே முட்டையிட வெச்சு குஞ்சு வளர்த்திருக்காங்க. ஆந்தியாஸ் குஞ்சு வாய் ஊசிமுனை அளவுதான், ஆர்ட்டீமியாகூட அதுக்குப் பெருசு, கோப்பிபாட் குஞ்சு போட்டு வளர்க்கணும், சாதாரண வேலை இல்ல. அது நம்ம கடைகளுக்கு தாராளமா வர்ற அன்னைக்கு நான் முதல் ஆளா க்யூல நிப்பேன்.

திருச்சி வாசகர்: காலைல எழுந்து பார்த்தா ஆந்தியாஸ் சோபாவுக்கு அடியில கருவாடா கிடக்கு.

பதில்: வலை மூடி. கால் இஞ்ச் கண்ணு. இன்னைக்கே.

சிங்கப்பூர் வாசகி: எங்க ஆண் லயர்டெயில் கொஞ்ச நாளா லைட் டிம் ஆகற நேரத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி மேலேர்ந்து கீழ பாய்ஞ்சு மறுபடி மேல போகுது, துடுப்பெல்லாம் விரிச்சு, பெண்ணுங்க முன்னாடி. யாரையும் கடிக்கல. இதுவும் சண்டையா?

பதில்: இல்லீங்க, இது காதல். அந்த வளைஞ்ச பாய்ச்சல் அதோட டான்ஸ். பசியும் பயமும் இல்லாத குரூப்லதான் இது தொடர்ந்து நடக்கறத நான் பார்த்திருக்கேன், அதனால உங்க தீனிக் கணக்கு சரின்னு எடுத்துக்கோங்க. அந்த நேரத்துல கொஞ்சம் கவனிச்சா ஒரு பெண் மேல எழும்பும், ஆண் கூடவே போகும், ஒரு நொடிதான், தண்ணில பொடிப்பொடியா முட்டை சிதறும். குஞ்சு எதிர்பார்க்காதீங்க, பாதி உங்க ஸ்கிம்மருக்குள்ள போயிடும், மீதிய பவளம் சாப்பிடும். சாயங்காலம் டீ எடுத்துட்டு வந்து லைட் டிம் ஆகறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி டேங்க் முன்னாடி உக்காருங்க, ஃபோன கைல எடுக்காதீங்க, எடுத்தா டான்ஸ் நின்னுடும்.